வரலாறு படித்துச் சமூக அறிவியல் ஆசிரியராக

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக விரும்புவோர், வரலாற்றில் 3 ஆண்டு இளங்கலைப் பட்டமும் பின்னர் 2 ஆண்டு பி.எட். பட்டமும் பெற்று, ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேறி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். அத்தாளின் 150 வினாக்களில் 60 சமூக அறிவியலுக்குரியவை. புவியியலும் குடிமையியலும் அதில் அடங்கும் என்பதால், வரலாற்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

படிக்கும் காலத்திலேயே உத்திரமேரூருக்கு ஒருமுறை சென்று, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறும் குடவோலைக் கல்வெட்டின் முன் நில்லுங்கள். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்டவர் பெயரே ஓலையில் எழுதப்பட்டது என்பதைக் கற்பிக்கும்போது, நிலமற்றவர் நிலை என்ன என்று கேட்கும் மாணவரிடமிருந்தே குடிமையியல் பாடத்தைத் தொடங்கலாம்.