ஆயிரம் பொன் பழமொழியும் ஒரு டப்பா சாக்பீஸும்: பள்ளியில் யானைப் பாடம் நடத்துவது எப்படி?

தந்த வேட்டையைப் பற்றி ஆறு, ஏழாம் வகுப்புக்கு நாற்பது நிமிடத்தில் நடத்தக்கூடிய பாடம் இது. ஒரு டப்பா சாக்பீஸ், இரண்டு துண்டுச் சீட்டு, பெஞ்சுகளை ஓரம் தள்ள இடம். இவ்வளவுதான் தேவை. முகம் வெட்டப்பட்டுக் கிடக்கும் யானையின் படத்தைக் காட்டி மட்டும் தொடங்க வேண்டாம். மிரண்ட பிள்ளை கேள்வி கேட்காது.

1. பழமொழியை எழுதுங்கள்

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று பலகையில் எழுதி, "செத்த யானைக்கு எதற்கு ஆயிரம் பொன்?" என்று கேளுங்கள். சீக்கிரமே யாராவது 'கொம்பு' என்பார்கள்.

2. கொம்பா, பல்லா?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்லுங்கள். கொம்பன், கொம்பு என்று நாமே பேசிப் பழகியதால், மான்கொம்பு போலத் தந்தமும் விழுந்து முளைக்கும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். பால்பல் விழுந்தவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். யானைக்குட்டிக்கும் சின்னப் பால்தந்தம் ஒரு வயது வாக்கில் விழுந்துவிடும். அப்புறம் வருவதுதான் தந்தம். அது மேல்தாடையின் வெட்டுப்பல். ஆயுள் முழுக்க வளரும், வேரோடு போனால் திரும்ப வராது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கிறது. முழுத் தந்தத்துக்காக வேட்டைக்காரன் ஏன் யானையையே கொல்கிறான் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

3. விளையாட்டு

24 பேரை வட்டத்துக்குள் நிறுத்துங்கள். 12 பேர் கையில் சாக்பீஸ், அவர்கள் கொம்பன்கள், அதாவது தந்தமுள்ள ஆண் யானைகள். 10 பேர் வெறுங்கையோடு பிடிகள், அதாவது பெண் யானைகள். மிச்சம் இருவரும் வெறுங்கைதான், ஆனால் சட்டைப்பையில் 'மோழை' என்று எழுதிய சீட்டு. தந்தம் இல்லாத ஆண் யானை. அதை யாரிடமும் சொல்லக் கூடாது. ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே பெரிய தந்தம், அதுவும் எல்லா ஆணுக்கும் இல்லை. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் உண்டு.

வேட்டைக்காரர்கள் மூவர். (வகுப்பின் குறும்பர்களையே இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள், பாவம்.) ஒவ்வொரு கைதட்டலுக்கும் ஆளுக்கொரு சாக்பீஸைப் பறிக்க, பறிகொடுத்தவர் வெளியேற வேண்டும். நாலு தட்டில் சாக்பீஸ் தீர்ந்துவிடும்.

"எத்தனை யானை மிச்சம்?"
"பன்னிரண்டு!"
"பரவாயில்லையே! சரி, அடுத்த குட்டிக்கு அப்பா யார்?"

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் சீட்டுக்காரர்கள் இருவரும் கை தூக்குவார்கள். கேரளத்தின் பெரியாறு காட்டில் 1980-களில் நடந்தது இதுதான் என்று அப்போது சொல்லுங்கள்: தந்த வேட்டையால் ஏறக்குறைய நூறு வளர்ந்த பிடிக்கு ஓர் ஆண் என்ற நிலை வந்தது. தலையை மட்டும் எண்ணினால் கூட்டம் பெரிதாகத்தான் தெரியும். பிடி குட்டியைச் சுமப்பது ஏறக்குறைய 22 மாதம், அடுத்த குட்டிக்கு இன்னும் சில வருஷம். இழந்ததை ஈடுகட்ட எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

4. வாங்கியது யார்?

யாராவது வீரப்பன் பெயரை எடுப்பார்கள். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை வாங்கியவர்கள் பக்கம் திருப்புங்கள், இல்லையென்றால் மணி அடிக்கும்வரை அந்தக் கதைதான். வளையல், சிலை, பியானோ கட்டை, ஜப்பானில் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் முத்திரை என்று எல்லாம் தந்தத்தில் செய்யப்பட்டன. 1989-இல் கென்யா சுமார் 12 டன் தந்தத்தைக் குவித்துத் தீ வைத்தது. விற்றிருந்தால் அந்தப் பணத்தில் காட்டைக் காத்திருக்கலாமே? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பெரியவர்களே இன்னும் சண்டை போடும் விஷயம் இது.

5. வீட்டில் தந்தம் இருந்தால்?

"எங்க தாத்தா வீட்டில் தந்தச் சிலை இருக்கு, மிஸ்" என்று ஒரு குரல் வரலாம். அந்தப் பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். பரம்பரையாக வந்த தந்தத்தை, முறையான உரிமைச் சான்றிதழ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விற்க முடியாது, 1986-லிருந்து இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கே தடை. காட்டில் செத்துக் கிடக்கும் யானையின் தந்தமும் அரசுக்குத்தான் சொந்தம். இதைச் சொன்னதும் யாராவது ஒருவர் பலகையைப் பார்த்து, "அப்போ ரெண்டாவது ஆயிரம் பொன்னை அழிச்சிடலாமா, மிஸ்?" என்று கேட்டால், டஸ்டரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.