கிரவுன் பினியன் மாற்றும்போது கை தவறும் இடங்கள்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 மாதிரி பிக்அப்பை உயர்த்தி 35 அங்குல டயர் மாட்டியவர்களின் புலம்பல் ஒன்றுதான்: வண்டி இழுக்கவில்லை. டயர் பெரிதானதும் பழைய பல் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுழல டிரைவ் ஷாஃப்ட், அதாவது ஆக்சிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் தண்டு, எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு) போதாமல் போகிறது. பின் ஆக்சிலில் கிரவுன் பினியனை, அதாவது பெரிய வட்டப் பல்சக்கரத்தையும் (ரிங் கியர்) அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தையும் (பினியன்), மாற்றினால் சரியாகிவிடும். வீட்டுக் கராஜிலேயே செய்யலாம், அவசரப்படாதவர்கள் மட்டும்.

கணக்கு எளிது. பழைய விகிதத்தைப் புது டயர் அளவால் பெருக்கி, பழைய அளவால் வகுங்கள். 31 அங்குல டயருடன் 3.55 இருந்த வண்டிக்கு, 35 போட்டால் 4.01 வரும், 4.10 வாங்கலாம். ஃபோர்-வீல் வண்டியென்றால் முன் ஆக்சிலுக்கும் அதேதான். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்-வீலைப் போட்டால் தார் ரோட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இறுகிக்கொள்ளும்.

கழற்றும்போது, கேரியரைப் (ரிங் கியரைத் தாங்கும் கூடு) பிடித்திருக்கும் பேரிங் கேப் இரண்டிலும் இடம், வலம், மேல், கீழ் தெரியும்படி பஞ்ச் அடித்து வையுங்கள். இடம் மாறிப் பொருத்தினால் பேரிங் ஒழுங்காக உட்காராது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 10-போல்ட் ஆக்சில்கள் பலவற்றில் ரிங் கியர் போல்ட்டுகள் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் பலத்தைக் காட்டி போல்ட்டை முறித்தவர்கள் உண்டு.

அடுத்தது பினியன் ஆழம், அதாவது ரிங் கியரை நோக்கி அது எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது. பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றினால் தடம் விழும். தடம் பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனிப்பக்கம் என்றால் போதவில்லை. பலர் பேக்லாஷை (பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி) மாற்றி இதைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். ஆழத்துக்கு மருந்து ஷிம் எனும் மெல்லிய தகட்டு வளையம்தான். ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் பிரஸ்ஸில் கழற்றாமல் இருக்க, பழைய பேரிங்கின் உள்துளையைத் தேய்த்து, கையால் நழுவும்படி வைத்துக்கொண்டு சோதியுங்கள். ஒரு நாள் வேலை மிச்சம்.

தடம் சரியான பிறகுதான் கிரஷ் ஸ்லீவ். பெரும்பாலானவர்கள் கெடுப்பது இங்கேதான். இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் மெல்லிய இரும்புக் குழாய் அது. நட்டை முறுக்க முறுக்க நசுங்கும். முதலில் ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டித் தொங்கினாலும் நட்டு அசையாது. அப்புறம் திடீரென்று இளகும். அந்த நொடியிலிருந்து நட்டைத் துளித் துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பினியனைச் சுழற்றி இறுக்கம் அளக்க வேண்டும். கேரியர் அப்போது உள்ளே இருக்கக் கூடாது. ஃபோர்டு 8.8 ஆக்சிலில் (ரிங் கியர் விட்டம் 8.8 அங்குலம்) புது பேரிங்குக்கு இந்த இறுக்கம் 16 முதல் 29 வரை, அதுவும் அங்குல-பவுண்டில். அடி-பவுண்டு என்று படித்துத் தொலைத்துவிடாதீர்கள். அளவு தாண்டிவிட்டதா? நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது. நசுங்கிய ஸ்லீவ் மீண்டும் நிமிராது. புதிதுதான் போட வேண்டும். ஆகவே வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள்.

பேக்லாஷை ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள். ரிங் கியரைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் முள் கருவி) வையுங்கள். புது பல்சக்கரக் கிட்டுடன் வரும் தாளில் உள்ள அளவுதான் கணக்கு.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சீரான ஊளை கேட்டால் பல் அமைப்பைச் சந்தேகியுங்கள். அதிர்வு என்றால் முதலில் டிரைவ் ஷாஃப்ட் கோணத்தைப் பாருங்கள். உயர்த்திய வண்டியில் அது சகஜம்.

முதல் ஓட்டம் 15, 20 மைலோடு போதும். பிறகு நன்றாக ஆறவிடுங்கள். 500 மைல் வரை டிரெய்லர் இழுக்காதீர்கள், 500 மைல் ஆனதும் ஆக்சில் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். வடிக்கும் எண்ணெயில் சாம்பல் நிறத்தில் மாவு போல இருந்தால் பயமில்லை. விரலில் நெருடும் சில்லு கிடைத்தால், மூடியைத் திரும்பப் போடாமல் உள்ளே பாருங்கள்.