அம்பாசிடர் எஞ்சினில் தட்டும் சத்தம்: காரணத்தைக் கண்டறியும் முறை

பழைய அம்பாசிடரை ஆசையுடன் வாங்கியவர்கள், பானெட்டுக்குள் தட்டும் சத்தம் கேட்டவுடன் எஞ்சினை இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். 1959 முதல் இந்த வண்டியில் வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், 4 சிலிண்டர்களும் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் 3 மெயின் பேரிங்குகளும் கொண்ட எளிமையான அமைப்பு; அது எழுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனிக் குணம் உண்டு. அந்தக் குணத்தைப் பிரித்தறிந்த பின்பே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

வண்டியைத் திறந்த வெளியில், சமதரையில் நிறுத்துங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்தானது. தோளில் துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், ஏனெனில் விசிறி கண்ணுக்கு அருகிலேயே சுழலும். நீளமான ஸ்க்ரூடிரைவர், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், ரப்பர் பிடியிட்ட இடுக்கி ஆகியவை போதும். ஆயில் அளவு குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

காலையில், எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேளுங்கள். தொடக்கத்தில் மந்தமாகத் தட்டி, சூடேறச் சூடேற மறையும் சத்தம் பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டனுடையது. பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளி குறைவதால் அது அடங்குகிறது. இதை உடனடி ஆபத்தாகக் கருத வேண்டியதில்லை.

அடுத்து, சூடான எஞ்சினுடன் ஒரு மேட்டில் டாப் கியரில் ஏறிப் பாருங்கள். உண்டியலில் சில்லறையைக் குலுக்கியது போன்ற சத்தம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்தால், அது இரும்பு தேய்ந்த சத்தம் அன்று. எரிதலில் உள்ள கோளாறு. பலர் பெட்ரோலைக் குறை சொல்கிறார்கள், ஆனால் குறைந்த கம்ப்ரெஷன் கொண்ட இந்த எஞ்சினுக்கு 91 ஆக்டேன் பெட்ரோலே போதுமானது என்பதே என் கருத்து. டைமிங், அதாவது தீப்பொறி எழும் நேரம், முந்தியிருப்பது, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது, கரி படிந்திருப்பது, கலவையில் பெட்ரோல் குறைந்திருப்பது ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப்பைத் தளர்த்தி, உள்ளே ரோட்டர் சுழலும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை மயிரிழை அளவு திருப்பினால் தீப்பொறி தாமதமாகும். மீண்டும் அதே மேட்டில் ஏறும்போது சத்தம் குறைந்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஓடவிடும்போது, எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில் ‘டிக் டிக்’ என்று கேட்பது வால்வு இடைவெளியில் எழும் டேப்பட் சத்தம். மேல் மூடியைக் கழற்றி, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே ஃபீலர் பிளேடைச் செருகும்போது எங்கே சத்தம் நிற்கிறதோ அந்த வால்வுதான் குற்றவாளி. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரிசெய்யும்போது 9 என்ற கூட்டுத்தொகையை நினைவில் வையுங்கள்: 8-ஆம் வால்வு முழுவதும் திறந்திருக்கையில் 1-ஆம் வால்வின் இடைவெளியையும், 6-ஆம் வால்வு திறந்திருக்கையில் 3-ஆம் வால்வின் இடைவெளியையும் அளக்க வேண்டும்.

டைனமோவும் வாட்டர் பம்பும்கூட ஏமாற்றும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள்; சத்தம் நின்றால் அவற்றில் ஒன்றே காரணம்.

இவை எதுவும் இல்லையென்றால், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கைச் சோதிக்க வேண்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் வயரையும் இடுக்கியால் கழற்றி எஞ்சின் உடலில் தொடுமாறு பிடியுங்கள். எந்தச் சிலிண்டரில் தீப்பொறி நின்றவுடன் கனத்த தட்டல் தெளிவாகக் குறைகிறதோ, அந்த ராடின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். எரிதலின் அழுத்தம் இல்லாததால், தேய்ந்த இடைவெளியில் ராடு கிராங்க்கை ஓங்கி அறைவதில்லை. குளிரில் மட்டும் தட்டும் பிஸ்டனும் இதே சோதனையில் அடங்கும் என்பதால், சூடான எஞ்சினில்தான் இதைச் செய்ய வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பிளக்குகளைச் சேர்த்து நிறுத்தினால்தான் குறைகிறதென்றால், நடுவிலுள்ள மெயின் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கின் கீழ்ப்பகுதியில் அழுத்தி, கைப்பிடியைக் காதருகே உள்ள எலும்பில் வைத்தால், அதிர்வு எங்கே ஓங்குகிறது என்பது துல்லியமாகத் தெரியும். பின்னர் ஆயிலைச் சிறிது வடித்து, இரு விரல்களுக்கிடையே தேய்த்து வெயிலில் பாருங்கள். பொடிப்பொடியாக மின்னினால் அது பேரிங் உலோகம். சூடான எஞ்சின் ஓடுகையில் ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 50 பவுண்டு இருக்க வேண்டும்.

பேரிங் என்று உறுதியானால், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள். எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, கிராங்க்கின் தேய்மானத்தை மைக்ரோமீட்டரால் அளந்த பின்பே எந்த அளவு பேரிங் வாங்குவது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.