நிக்காது, பின்னாடி வண்டில வாங்க: ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு சேர்ந்து சிரிப்பது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். சின்னவனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உண்டு. பெரியவள் பத்தாவது படிக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான். டாக்டர் சொன்ன புதிதில் கொஞ்ச காலம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவே இல்லை. பிள்ளை ஏதாவது செய்து சிரிப்பு வந்தால்கூட, சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இன்று அதே பயத்தில் இருக்கிற அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அவன் என்ன சொல்ல வருகிறான் என்பதை முதலில் பிடியுங்கள். சிரிப்பு அதற்கு அப்புறம்.

எப்படிப் பிடிப்பது? எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். ஸ்பீச் தெரபிக்காக அவனைப் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். கண்டக்டர் சொல்வது அத்தனையும் அவனுக்கு மனப்பாடம், அதே குரல், அதே இழுவை. ஒருநாள் என் நாத்தனார் வந்திருந்தார். பிள்ளையைப் பார்த்த ஆசையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்கப் போனார். இவன் ஒரு அடி பின்னால் போய், கையை ஆட்டி, "ஏறாதீங்க, ஏறாதீங்க. நிக்காது. பின்னாடி வண்டில வாங்க" என்றான்.

சிரிக்காமல் இருக்க முடியுமா? நாத்தனாரே சிரித்துவிட்டார். ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இப்போது என்னைத் தொடாதீர்கள், அப்புறம் பார்க்கலாம் என்கிறான். அதைச் சொல்ல அவனிடம் இருந்த வார்த்தைகள் கண்டக்டருடையவை. கேட்டதை இப்படித் திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது வருகிறது. ரொம்ப காலம் இதை வெறும் கிளிப்பேச்சு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1980-களில் பாரி பிரிசான்ட் போன்ற பேச்சு-மொழி ஆய்வாளர்கள்தான், கேட்பது, மறுப்பது, கூப்பிடுவது என்று பல வேலைகளுக்குக் குழந்தைகள் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எடுத்துக் காட்டினார்கள். நாத்தனார் அன்று கட்டிப்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி வண்டி வந்துடுச்சு, ஏறலாமா?" என்று கேட்டார். அவன் கையை மட்டும் நீட்டினான். அந்த விளையாட்டு இன்னும் இருவருக்கும் நடுவில் ஓடுகிறது.

உங்கள் பிள்ளையும் எங்கிருந்தோ எடுத்த வசனத்தைச் சொல்வான். விளம்பரமோ, கார்ட்டூனோ, கோயில் மைக்கோ. அது முதலில் எங்கே, எந்த நேரத்தில் கேட்டது என்று யோசியுங்கள். பாதி அர்த்தம் அங்கேயே கிடைக்கும்.

அந்த வசனத்தை வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். குளிக்க வர மாட்டேன் என்று அடம் பிடிப்பவனுக்கு நாங்கள் ஒரு சொம்புக்கு ஒரு ஸ்டாப் வைத்தோம். ஆல்பேட்டை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், பாண்டி. பாண்டி வந்தால் குளியல் முடிந்தது. எப்போது முடியும் என்று தெரிந்தால் அவனுக்குப் பயமில்லை. தலைக்கு எண்ணெய் வைத்த அன்று மட்டும் திரும்பி வரும் பஸ்ஸும் உண்டு.

அடுத்தது, நாம் பேசுவதை அவன் அப்படியே எடுத்துக்கொள்வது. பண்ருட்டியிலிருந்து என் சித்தப்பா வந்திருந்தார், இவனுக்குத் தாத்தா. கிளம்பும்போது எல்லாரும் சொல்வதுபோல "போயிட்டு வரேன்டா ராஜா" என்றார். இவன் கேட்டில் நின்றுகொண்டான். இருட்டியது. கூப்பிட்டால் வரவில்லை. சாப்பாட்டுக்கும் வரவில்லை. "தாத்தா போயிட்டு வருவார்" என்று ஒரே பதில். பிறகு விஷயம் புரிந்து சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். அவர் ஸ்பீக்கரில், "இன்னிக்கு வர மாட்டேன்டா. பொங்கலுக்கு வருவேன்" என்றார். சரி என்று உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தான். பொங்கலன்று சித்தப்பா கரும்போடு வாசலில் நின்றபோது கதவைத் திறந்தவன் இவன்தான். உள்ளே திரும்பி, "அம்மா, தாத்தா போயிட்டு வந்துட்டார்!" என்று கத்தினான். சித்தப்பா கரும்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது எப்போது வருவோம் என்றும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். இந்த மாதிரி நேரங்களில் பிள்ளையைத் திருத்தப் பார்க்காதீர்கள். அவன் கேட்டது சரியாகத்தான் கேட்டான். டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் 2012-இல் இதைத்தான் எழுதினார்: புரியாமல் போவது இரண்டு பக்கமும் நடக்கிறது, அவர்களிடம் மட்டும் இருக்கும் குறை என்று சொல்லக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றவரிடம் பிள்ளை அறுபது வரை எண்ணிவிட்டு வந்து நிற்கும்போது கோபம் வராது, சிரிப்பு வரும். அப்புறம் "ஐந்து நிமிஷம்" என்று சரியாகச் சொல்லிப் பழகிவிடுவோம்.

சிரிக்கக் கூடாத நேரமும் உண்டு, இதில் என்னால் விட்டுக்கொடுக்கவே முடியாது. காதைப் பொத்துகிறான், உடம்பு விறைக்கிறது, ஒரே வார்த்தையை வேகவேகமாகச் சொல்கிறான் என்றால் அவனுக்குத் தாங்க முடியாமல் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சில்வர் பீச், திருவிழா மேளம், பட்டாசு, இவையெல்லாம் அவனை அந்த நிலைக்குக் கொண்டுபோகும். அப்போது பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கலாம். நீங்கள் சிரிக்காதீர்கள், பிறரையும் சிரிக்க விடாதீர்கள். அங்கிருந்து கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். பாண்டியில் என்றால் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள், ஹாரன் தொல்லை இருக்காது. கூட்டம் குறைந்த ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வோம்.

நல்ல நேரத்திலும்கூட எல்லாரும் திடீரென்று பலமாகச் சிரித்தால் சில பிள்ளைகள் பதறிவிடுவார்கள். சத்தம் ஒன்று, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாதது இன்னொன்று. அதனால் வாயால் சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னது எங்களுக்குப் பிடிச்சிருக்கு, அதான் சிரிக்கிறோம். யாரும் உன்னைத் திட்டலை." எங்கள் மாமியார் இப்போது சிரிப்பதற்கு முன்னாலேயே "பாட்டி சிரிக்கப் போறேன்" என்று சொல்லிவிடுவார்.

அவனுக்கு எது சிரிப்பு என்று பார்த்தீர்களா? இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒழுங்கு பிடித்த பிள்ளைக்கு, ஒழுங்கு வேண்டுமென்றே தப்புவது பெரிய வேடிக்கை. பெரியவள் ஸ்டாப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, "கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், தாம்பரம்" என்பாள். அவன் தரையில் புரண்டு சிரிப்பான், "தப்பு! தப்பு!" என்று. இப்போது அவனே தப்பாகச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கிறான், பிடிக்கிறோமா இல்லையா என்று. அது அவன் சொந்தமாகச் செய்த ஜோக். திரும்பத் திரும்பக் கேட்பான் என்பதால், தொடங்கும்போதே "இன்னும் ரெண்டு தடவை" என்று சொல்லிவிடுவது நல்லது.

பேசாத பிள்ளைகளிடமும் இது உண்டு. தெரபிக்கு வரும் ஒரு சிறுமி ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். கிளம்பும் நேரத்தில் அப்பாவின் ஒரு செருப்பை மட்டும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர் தேடுவதை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவர் தினமும் முதலில் தவறான இடத்தில்தான் தேடுவார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெளியே சொல்வதில் மட்டும் கவனம் வேண்டும். இவன் காதைப் பொத்திக்கொண்டு அழுததைச் சொந்தக்காரர் ஒருவர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தார். அன்றே நீக்கச் சொன்னோம், நீக்கினார். எங்கள் அளவுகோல் இது: பெரியவனான பிறகு இதைக் கேட்டால் இவனும் சேர்ந்து சிரிப்பானா? ஆமாம் என்றால் சொல்வோம். சந்தேகம் இருந்தால் வீட்டோடு வைத்துக்கொள்வோம். பொங்கல் கதையைச் சொல்லட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "தாத்தா கரும்பு போட்டார், சொல்லு" என்றான்.

அக்கா, அண்ணன் இருக்கும் வீட்டில் அவர்களுக்கும் இடம் விடுங்கள். பெரியவளின் நோட்டை இவன் கிழித்த அன்று நாங்கள் யாரும் அதை வேடிக்கைக் கதையாக்கவில்லை. கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. புது நோட்டு வாங்கிக் கொடுத்தோம், அவளுடைய அலமாரிக்குப் பூட்டும் போட்டோம். சாவி இருக்கும் இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.