ஆண்டு அச்சிடாத விக்டோரியா கால நாடக நோட்டீசுக்கு ஆண்டு காண்பது

விக்டோரியா கால ஆங்கில நடிகர் ஹென்றி இர்விங்கின் மேடை வாழ்க்கையைத் தொகுப்பவர்களுக்கு முதல் தலைவலி நாடக நோட்டீஸ். கிழமையும் தேதியும் இருக்கும், ஆண்டு பல நேரம் இருக்காது.

'திங்கள், டிசம்பர் 30' என்றிருந்தால் நாட்காட்டியோடு பொருத்துங்கள்: 1872, 1878, 1889 மூன்றுமே சரிவரும். அடுத்து, நிர்வாகி பெயரைத் தேடுங்கள். லண்டன் லைசியம் நாடக அரங்கில் 1872-இல் நிர்வாகி பேட்மேன். இர்விங் வெறும் நடிகர். இர்விங்கே நிர்வாகி, நாடகம் 'ஹாம்லெட்' என்றால் 1878. அவர் நிர்வாகத்தின் முதல் இரவு அது.

பிறகு 'தி எரா' என்ற நாடக வார இதழில் அடுத்த வார விமர்சனத்தைப் பாருங்கள். நோட்டீஸை மட்டும் நம்பக் கூடாது: அச்சானபின் நடிகர் மாறியிருக்கலாம்.

பிறப்புப் பதிவில் 'இர்விங்' கிடைக்காது. அது மேடைப் பெயர். பிறப்புப் பெயர் ஜான் ஹென்றி ப்ராட்ரிப், பிறந்த ஆண்டு 1838.