விளம்பரம் முதலில் விற்பது குறையைத்தான்: அதை வாங்காமல் தப்பிப்பது எப்படி

பெண்களுக்கான ரேசர் விளம்பரம் ஏதாவது ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு முடிகூட இல்லாத வழவழ கால், அதன்மேல் ரேசர் வழுக்கிக்கொண்டு போகும், போன பிறகும் அதே வழவழ கால். எதை மழித்தார்கள்? இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது உறைக்கவே இல்லை. அப்போது ஒன்பது வயதாக இருந்த என் மகள்தான் "அம்மா, அங்க முடியே இல்லையே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டாள். நீக்க வேண்டிய பொருளைக் கண்ணில் காட்டக்கூட கூசிக்கொண்டு, நீக்கும் கருவியை மட்டும் விற்கிறார்கள். அந்தக் கூச்சம்தான் அங்கே நிஜமான சரக்கு, ரேசர் அதற்கப்புறம் வருவது.

அன்றிலிருந்து விளம்பரங்களைப் பிரித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, குறையைக் கண்டுபிடித்து எழுதுவது

எந்த அழகுப் பொருள் விளம்பரத்தைப் பார்த்தாலும், பொருளை மறந்துவிட்டு ஒரே ஒரு வாக்கியத்தை முடித்துப் பாருங்கள்: "இதைப் பார்க்கும் பெண்ணுக்கு ______ சரியில்லை என்று இவர்கள் சொல்கிறார்கள்." மனதுக்குள் சொல்வது போதாது, எழுதுங்கள் அல்லது வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதும்போதுதான் அது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். "இதைப் பார்க்கும் பெண்ணுக்கு முழங்கையின் நிறம் சரியில்லை." முழங்கையாம்! யார் யாருடைய முழங்கையை உற்றுப் பார்க்கிறார்கள்?

அடுத்த கேள்வி: இந்தக் குறை எனக்கு எப்போதிலிருந்து இருக்கிறது? வரலாற்றைப் புரட்டினால் பல குறைகளுக்குப் பிறந்த தேதியே கிடைக்கும். 1915-ல் ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று முதல் ரேசரைக் கொண்டுவந்தது. கையில்லாத உடைகள் நாகரிகமான அதே சமயத்தில், அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளில் அக்குள் முடியை அருவருப்பான ஒன்றாகப் பேசும் விளம்பரங்கள் வரத் தொடங்கின. அதுவரை அக்குளைப் பற்றி அங்கே பொதுவில் இப்படிப் பேசுவது வழக்கமில்லை. லிஸ்டரின் என்பது அறுவை சிகிச்சைக் கிருமிநாசினியாகத் தொடங்கிய திரவம். 1920-களில் அதே திரவத்தை வாய்நாற்றத்துக்கான மருந்தாக விற்றார்கள். அதற்காக மருத்துவ அகராதியில் தூங்கிக்கொண்டிருந்த 'ஹாலிடோசிஸ்' என்ற சொல்லைத் தூசி தட்டி எடுத்து, உனக்குத் திருமணம் தள்ளிப்போவதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம் என்று பெண்களைப் பயமுறுத்தினார்கள். தொடையில் தெரியும் சிறு குழிகளுக்கு 'செல்லுலைட்' என்ற பெயர் அமெரிக்கப் பெண்களிடம் பரவியது 1968-ல், ஒரு ஃபேஷன் பத்திரிகை அதைப் பற்றி எழுதிய பிறகு. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு இருக்கும் ஒன்று எப்படி நோயாகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

வாய்நாற்றமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இருந்த ஒன்றை வெட்கமாக மாற்றியது யார், எப்போது என்று பார்க்கச் சொல்கிறேன்.

வார்த்தைகளை வக்கீல் மாதிரி படியுங்கள்

விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லும் வக்கீல் பார்த்து அனுப்பியதுதான், அதனால் நாமும் அப்படியே படிக்க வேண்டும். "சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்க உதவும்" என்று இருந்தால் அங்கே இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன: குறைவது சுருக்கம் இல்லை, தோற்றம், அதையும் செய்யாது, உதவும். இது வெறும் நடை அலங்காரம் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றுவதாகச் சொல்லும் பொருள் மருந்து ஆகிவிடும், மருந்து என்றால் அது வேலை செய்வதை நிரூபிக்க வேண்டும். 'தோற்றம்' என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

'80 சதவீதம் வரை' என்பதில் 'வரை' முக்கியம், பூஜ்யமும் அதற்குள் அடக்கம். 'தோல் மருத்துவர்கள் சோதித்தது' என்றால் சோதித்தார்கள், அவ்வளவுதான். முடிவு என்ன என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. 'பெண்கள் ஒப்புக்கொண்டார்கள்' என்று வந்தால் கீழே எறும்பு எழுத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். கூந்தலுக்கு ஊட்டம் என்றால், தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள், அதற்குப் பசிக்காது. மேலே பூச்சு தரலாம், மென்மையாக்கலாம், ஊட்ட முடியாது. சருமத் துளைகளைத் 'திறக்கும்', 'மூடும்' என்பதும் அப்படித்தான், கதவு மாதிரித் திறந்து மூட அங்கே தசை எதுவும் இல்லை.

படத்தை எப்படிப் படிப்பது

இது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் கண் நம்மைவிட வேகமாக நம்பிவிடும்.

படத்துக்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடுகிறது: மாடலின் முதுகுப் பக்கம் சட்டையை கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள், கூந்தலில் ஒட்டுமுடி, இமையில் ஒட்டு இமை, கணக்குப் பார்த்து வைத்த விளக்குகள். அதற்குப் பிறகு கணினி. 2011-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், லோரியால் நிறுவனத்தின் இரண்டு மேக்கப் விளம்பரங்களை நிறுத்தச் சொன்னது. ஒன்றில் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ், இன்னொன்றில் மாடல் கிறிஸ்டி டர்லிங்டன். காரணம் என்ன தெரியுமா? படத்தில் தெரியும் அந்தச் சருமம் பொருளால் வந்ததா, படத்தைத் திருத்தியதால் வந்ததா என்பதை நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை. உலகமே அழகி என்று ஒப்புக்கொண்ட ஜூலியா ராபர்ட்ஸின் முகம்கூட அப்படியே வைத்தால் விற்காது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். கண்ணாடியில் என் கண்ணின் கருவளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

'முன்பு, பின்பு' படங்களுக்கு ஒரு சுலபமான பரிசோதனை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, தோள் நிமிர்ந்திருக்கிறதா, மூச்சை இழுத்திருக்கிறாரா, முகத்தில் சிரிப்பு எந்தப் படத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்களை நீங்களே ஐந்து நிமிட இடைவெளியில் இப்படி இரண்டு படம் எடுத்துப் பார்க்கலாம். நான் எடுத்தேன், ஐந்து நிமிடத்தில் எடை குறைந்த மாதிரி இருந்தது!

செல்ஃபிக்கும் இதில் பங்கு உண்டு. முகத்துக்கு 12 அங்குலத்தில் கேமராவைப் பிடித்தால் மூக்கு உண்மையில் இருப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்ற சாதாரண விஷயம்தான். மூக்கைத் திருத்த வேண்டும் என்று தோன்றுபவர்கள் முதலில் கையை நீட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா?

போதாது. இதைத்தான் நான் ரொம்ப நாள் தப்பாக நினைத்திருந்தேன். பொய் என்று தெரிந்துவிட்டால் வலிக்காது என்று நினைத்தேன். அரசாங்கங்களும் அப்படித்தான் நினைத்தன. இஸ்ரேல், அப்புறம் 2017-ல் பிரான்ஸ், 2022-ல் நார்வே என்று வரிசையாக, உடலைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த மாதிரிக் குறிப்பைப் பார்த்த பெண்களுக்குத் தன் உடல் மீதான அதிருப்தி பெரிதாகக் குறையவில்லை என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன. சட்டம் வேண்டாம் என்பதில்லை, பொய்யைப் பொய் என்று சொல்வது நல்லதுதான், ஆனால் மருந்து அது இல்லை.

ஏன் என்றால், மனிதர் தன்னை அளந்துகொள்வது அடுத்தவரை வைத்துத்தான், லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார். அந்த ஒப்பீடு நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை, அறிவு "இது திருத்திய படம்" என்று வாயைத் திறப்பதற்குள் மனசு அளவு எடுத்து முடித்துவிடும். ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. நன்றாகச் சாப்பிட்டுப் பூரிப்பாக இருக்கும் உடலை மதித்த ஊர் அது. எடையைக் குறைக்க வாந்தி எடுக்கும் பழக்கம், டிவி வந்த புதிதில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது ஒருவரிடமும் இல்லை. 1998-ல் கேட்டபோது 11 சதவீதம் பேரிடம் இருந்தது. மூன்றே வருடம். ஆன் பெக்கர் என்ற மானுடவியலாளரின் ஆய்வு இது.

அப்படியென்றால் என்ன செய்வது? மனசோடு விவாதம் செய்வதைவிட, இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும் அளவைக் குறைப்பதுதான் வேலைக்கு ஆகும்.

போனைச் சுத்தம் செய்வது

ஒரு வாரம், போனில் யாருடைய பக்கத்தைப் பார்த்த பிறகு உங்கள் உடலை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள் என்று குறித்துவையுங்கள். வாரக் கடைசியில் அந்தப் பெயர்களை எடுத்துவிடுங்கள். தோழியாக இருந்தால் மியூட் போடுங்கள், அவருக்குத் தெரியாது, உறவும் கெடாது. உடல் இளைக்கும் காணொளிகளைக் கோபத்தோடு பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பதைத்தான் செயலி எடுத்துக்கொள்ளும். திட்டிப் பின்னூட்டம் போட்டால் இன்னும் பத்து அனுப்பும். அதனால் சண்டை வேண்டாம், 'ஆர்வமில்லை' பொத்தானை அழுத்திவிட்டு நகருங்கள்.

கூகுள் கணக்கின் விளம்பர அமைப்புகளில் எடைக்குறைப்பு விளம்பரங்களைக் குறைத்துக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது, போய்த் தேடிப் பாருங்கள். பின்டரெஸ்ட் 2021-லேயே எடைக்குறைப்பு விளம்பரங்களைத் தடைசெய்துவிட்டது, ஆக முடியாத காரியம் ஒன்றும் இல்லை, மற்றவர்களுக்கு மனசு இல்லை.

எடுத்த இடத்தை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பழையதே திரும்பி வரும். அழகைப் பற்றிப் பேசாத பக்கங்களைத் தேடுங்கள், உடலால் ஏதாவது செய்பவர்கள்: மலையேறுபவர்கள், மண்பாண்டம் செய்பவர்கள், நீச்சல் கற்றுத் தருபவர்கள்.

"நீ இருக்கிறபடியே அழகு" என்று சொல்லும் விளம்பரங்கள்

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம், நானும்தான். 2006-ல் டவ் வெளியிட்ட ஒரு காணொளியில் ஒரு சாதாரண முகம் மேக்கப்பாலும் கணினியாலும் விளம்பரப் பலகை முகமாக மாறுவதைக் காட்டினார்கள், பார்த்து நெகிழ்ந்துபோனேன். டவ் யூனிலீவருடையது. ஃபேர் அண்ட் லவ்லியும் அதே யூனிலீவர் குழுமத்தினுடையதுதான், 1975-லிருந்து சிவப்பழகை விற்று, 2020-ல்தான் பெயரிலிருந்த 'ஃபேர்' போனது. ஒரு கை தட்டிக்கொடுக்கிறது, இன்னொரு கை கிள்ளுகிறது. அதனால் நெகிழ்ச்சியான விளம்பரத்துக்கும் அதே வாக்கியத்தை முடித்துப் பாருங்கள்: எது சரியில்லை என்கிறார்கள்? சில சமயம் 'உனக்குத் தன்னம்பிக்கை சரியில்லை' என்று பதில் வரும்.

நிறத்தை மாற்றும் கிரீம்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மனசோடு நிற்பதில்லை. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தம் இப்படிப்பட்ட பொருட்களை 2020-லிருந்தே தடுக்கச் சொன்ன பிறகும் விற்பனையில் இருக்கிறது. சேர்மானப் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள், பட்டியலில் 'மெர்குரி', 'மெர்குரிக்', 'கலோமல்' என்று எது இருந்தாலும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்ததும் உண்டு, நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் தோல் மருத்துவரிடம் டப்பாவோடு போய்க் காட்டுங்கள்.

வீட்டில் பேசுவது

விளம்பரம் விதைத்ததற்குத் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் நம் வாய்தான். "என்ன, சதை போட்டுட்ட?" என்று கேட்பவருக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "ஆமாம் சித்தி, நீங்க எப்படி இருக்கீங்க, முட்டி வலி தேவலையா?" என்று பேச்சை மாற்றினால் போதும். இரண்டாவது முறையும் கேட்டால், "உடம்பைப் பத்திப் பேச வேண்டாமே சித்தி" என்று சிரித்தபடியே சொல்லலாம். மூன்றாவது முறை கேட்பவர் முன்னால் சிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

குழந்தைகள் முன்னால் உங்கள் உடலை நீங்களே குறை சொல்வதை நிறுத்துவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. "இந்தத் தொப்பையைப் பாரேன்" என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. நிறுத்த ஒரு வழிதான் பலித்தது: அப்படிச் சொல்லும்போது மகள் என்னைப் பிடித்தால் அன்றைக்கு டிவி ரிமோட் அவள் கையில்.

"இளைத்த பிறகு போடலாம்" என்று வைத்திருக்கும் துணிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். சைஸ் எண் பிராண்டுக்கு பிராண்ட் மாறும், அது உங்களைப் பற்றிய மதிப்பெண் இல்லை. இன்றைய உடம்புக்கு அளவான துணி இரண்டு இருந்தாலே காலையில் கண்ணாடி முன் நிற்கும் நேரம் பாதியாகும்.

ஆனால் சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, தோற்றத்துக்குப் பயந்து வெளியே போவதையே நிறுத்துவது என்று போயிருந்தால் இந்தக் குறிப்புகள் போதாது. மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக, நான் லிப்ஸ்டிக் வாங்குவதை நிறுத்தவில்லை, உங்களையும் நிறுத்தச் சொல்லவில்லை. வாங்கும் முன் பொருளின் பெயரையும் அது தீர்க்கும் குறையையும் ஒரு தாளில் எழுதி மூன்று நாள் ஒட்டி வைப்பேன். நாலாவது நாளும் வேண்டுமென்று தோன்றினால் வாங்கிவிடுவேன். போன மாதம் ஒட்டியிருந்த தாளில் 'கழுத்துக் கிரீம், கழுத்துக்கு வயசாகிறது' என்று இருந்தது. அதைப் பார்த்த மகள் கீழே எழுதியிருந்தாள்: "மத்த இடத்துக்கெல்லாம் ஆகலையா?"