கீர்கங்கா வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்தின் பார்வதி பள்ளத்தாக்கில், மலைமேல் வெந்நீர் ஊற்று இருக்கும் இடம் கீர்கங்கா. சென்னையிலிருந்து அங்கே கிளம்புகிறவர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஷூ, பை, கம்பு என்று எல்லா ஏற்பாடும் நடப்பதற்குத்தான். ஆனால் இந்தப் பயணத்தில் கவனமாக இருக்க வேண்டிய நேரம், மேலே போய்ச் சேர்ந்து அந்த வெந்நீர்க் குளத்தில் கால் வைக்கும் நேரம்.

வண்டிப் பாதை முடியும் பர்ஷைனி கிராமத்திலிருந்து சுமையோடு கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் ஏறி, களைத்துப்போய், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகக் குளத்தில் இறங்குவதுதான் முதல் தவறு. வியர்த்து உடம்பு வற்றியிருக்கும். சுடுதண்ணீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தமும் இறங்கும். சுகமாக ஊறிவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிவிடும், கீழே வழுக்குத் தரை. முதலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அரை லிட்டர் தண்ணீராவது குடியுங்கள், பத்து நிமிடத்தில் வெளியே வந்து விளிம்பில் உட்காருங்கள், அப்புறம் வேண்டுமானால் மறுபடி இறங்கலாம். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

தலையை முக்காதீர்கள். தீர்த்தம் என்றால் மூன்று முழுக்குப் போட்டுத்தான் நமக்குப் பழக்கம், முருகன் தவமிருந்த இடம் என்று அங்கே சொல்வதால் ஆசை இன்னும் கூடும். ஆனால் இயற்கை வெந்நீரில் இருக்கக்கூடிய நெக்லீரியா அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. மிக அபூர்வம்தான், வந்தால் பிழைப்பது கடினம். கேரளத்தில் 2024-இல் வந்த மூளைக்காய்ச்சல் செய்திகள் நினைவிருக்கும். தோள்வரை நனைந்தால் போதும்.

வெளியே வந்ததும் கொஞ்ச நேரத்துக்குக் குளிரே தெரியாது, அதை நம்பி ஈரத்துணியோடு நின்று போட்டோ எடுப்பார்கள். தோலுக்கு வந்த ரத்தம் உடம்பின் உள்சூட்டை வேகமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நம் ஊரில் 20 டிகிரிக்கே ஸ்வெட்டர் தேடுகிறோம். அங்கே அக்டோபர் கடைசி இரவுகளில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. ஒரு செட் கம்பளி உடையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, தூங்குவதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு அவசரம். சென்ட்ரலில் ரயில் ஏறி 30 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து டெல்லி, அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் குல்லு பக்கத்துப் புந்தர், அதே காலையில் ஏற்றம். கடல் மட்டத்தில் இருந்த உடம்பை இப்படி 2,900 மீட்டருக்கு மேல் கொண்டு நிறுத்தினால் தலைவலியும் குமட்டலும் வருவதில் ஆச்சரியம் இல்லை. பர்ஷைனி பக்கத்துக் கல்கா கிராமத்திலோ, அதற்கு முன்னால் வரும் வெந்நீர் ஊற்று ஊரான மணிகரணிலோ ஒரு இரவு தங்குங்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் மேலே போகாமல் இறங்குவதுதான் வைத்தியம். மணிகரணில் ஊற்று பொங்கும் இடத்தில் கை வைத்துப் பார்க்காதீர்கள், அந்தத் தண்ணீரில் அரிசியே வேகும். குளிக்க ஆறவிட்ட தொட்டிகள் தனியாக இருக்கின்றன.

கல்கா பக்கத்துக் காட்டுவழி அழகு, ஆனால் முதல்முறை போகிறவர்கள் நக்தான் கிராமம் வழியாகவே போங்கள், அதுவும் காலையிலேயே. பார்வதி பள்ளத்தாக்கில் தனியாகப் போய்க் காணாமல் போனவர்கள் 1990-களிலிருந்தே உண்டு. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், மண்சரிவுக் காலம்.

பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பது இதற்குப் பயிற்சி ஆகாது. திருக்கழுக்குன்றம் படிகளைப் பையோடு, புது ஷூவை மாட்டிக்கொண்டு, பல தடவை ஏறி இறங்குங்கள். இறங்கும்போதுதான் கட்டைவிரல் நகம் ஷூவில் இடிக்கிறதா என்று தெரியும். சமையல் அடுப்புக்கான கேஸ் கேனை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக முடியாது. அந்த உயரத்தில் சோறு வேகவும் நேரமாகும், அவலும் சத்துமாவும் உத்தமம். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதையும் குளத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், அந்தத் தண்ணீர் கீழே ஓடுகிறது.

இறங்கும் நாள் காலையில் ‘கடைசியாக ஒரு குளியல்’ என்று ஊறிவிட்டு உடனே ஷூ மாட்டாதீர்கள். ஊறிய தோல் சீக்கிரம் உரிந்து கொப்புளமாகும். முந்தைய சாயங்காலமே குளித்துவிடுங்கள், காலையில் உலர்ந்த சாக்ஸோடு இறங்குங்கள்.